கண் இரண்டும் நீங்கலாக

ஜூன் 9, திங்கள்

இன்று முதல் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது வக்கீல் ஜெபராஜின் உத்தரவு. "சார், ஒரு நாள் சொன்னதை மறுநாள் நீங்க சொல்ல மாட்டேங்கிய. நடந்ததை நடந்தபடி தினமும் எழுதி வைங்க. எனக்குத் தலைவலி மிச்சம்" என்றான். ஒன்பதாம் வகுப்பில் 'நாட்குறிப்பின் பயன்கள்' என்று கட்டுரை கேட்டதற்கு வெறுந்தாளை நீட்டிய பயல் இவன். இப்போது எனக்குப் பாடம் எடுக்கிறான். எடுக்கட்டும். பீஸ் வாங்காத வக்கீலிடம் கோபப்பட்டால் நமக்குத்தான் நஷ்டம்.

ஆகவே, நடந்தது நடந்தபடி. என் பெயர் ஆவுடையப்பன். அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எட்டாம் வகுப்பில் சண்முகக்கனி என்ற பெண்ணைக் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினேன். அவளுக்கு இடது காது கேட்காமல் போய்விட்டது என்று வழக்குப் போட்டார்கள். வழக்கு நடக்க நடக்க நானும் ஓய்வு பெற்றேன், அவளும் வளர்ந்து காலேஜுக்குப் போய்விட்டாள். போன மாசியில் தீர்ப்பு வந்தது. நான் குற்றவாளியாம், இரண்டு வருடம் சிறையாம். மேல்முறையீடு செய்துவிட்டு வெளியில் இருக்கிறேன்.

இப்போது அரசாங்கத்திடமிருந்து ஒரு கடிதம். கடுங்குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற பள்ளி ஊழியருக்கு ஓய்வூதியம் தர விதியில் இடமில்லை, ஆகவே உம்முடையதை ஏன் அடியோடு நிறுத்தக் கூடாது என்று விளக்கம் சொல்லும் என்கிறது. ஓய்வூதியம் என்பது நன்னடத்தைக்கு உட்பட்டதாம். நன்னடத்தை என்றால் நன்மை கூட்டல் நடத்தை, பண்புத்தொகை. இதை எனக்கே சொல்லித் தருகிறார்கள்.

கடிதம் முழுக்க ஒற்றுப்பிழை. 'ஓய்வூதிய பலன்கள்' என்று போட்டிருக்கிறான், நடுவில் 'ப்' எங்கே போயிற்று? 'நிறுத்த கூடாது' என்கிறான், 'க்' எங்கே? சிவப்பு மையால் எல்லாவற்றையும் திருத்தி, கீழே 'கவனம் தேவை' என்று எழுதித் திருப்பி அனுப்பலாம் என்றிருந்தேன். ஜெபராஜ் பிடுங்கிக்கொண்டான். "சார், அப்பீல் பண்ணதால தண்டனையைத்தான் நிறுத்தி வச்சிருக்கு. தீர்ப்பு அப்படியே நிக்கி. அவங்க கையிலதான் உங்க சோறு இருக்கு. தயவு பண்ணி மையை மூடுங்க" என்றான்.

ஜூன் 10, செவ்வாய்

குமரேசன் பெங்களூரிலிருந்து அவன் அம்மாவுக்குப் போன் செய்தான். எங்கள் மகன்தான், ஒரே மகன். அவன் என்னிடம் பேசிப் பல வருடம் ஆயிற்று. சண்டை ஒன்றும் இல்லை. பேசுவதற்கு விஷயம் இல்லை என்று நினைக்கிறான் போல. சின்ன வயதில் கூட அப்படித்தான், நான் ஓர் அறைக்குள் வந்தால் அவன் இன்னொரு வாசல் வழியாகப் போவான். அடக்கமான பிள்ளை.

செண்பகம் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டாள். வீட்டுக்குள் டவர் கிடைக்கவில்லையாம். முருங்கை மரத்தடியில் மட்டும் கிடைக்கிறதாம். திரும்பி வந்தவளிடம் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"பென்ஷன் நின்னுட்டா என்ன செய்வியன்னு கேட்டான்."

"என்ன செய்வோமாம்?"

"என்னை அங்க வந்துரச் சொல்லுதான்."

"நம்மளையா?"

"என்னை" என்றாள். ஒருமைதான். தன்மை ஒருமை, இரண்டாம் வேற்றுமை. எனக்கே இலக்கணம் சொல்லித் தந்துவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டாள்.

எழுதச் சொன்னதால் எழுதுகிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. பென்ஷன் இருந்தால் அவள் இருப்பாள். பென்ஷன் போனால் அவளும் ரயில் ஏறிவிடுவாள். கீழ்க்கோர்ட்டு, மேல்கோர்ட்டு, கடுங்குற்றம் எல்லாம் கிடக்கட்டும். என் வழக்கு இதுதான்.

ஜூன் 13, வெள்ளி

ஓய்வு பெற்ற ஆசிரியர் சங்கச் செயலாளர் வந்தார். எனக்காக அடையாள உண்ணாவிரதம் இருப்பதாகச் சொன்னார். காலையில் தொடங்கி மதியச் சாப்பாடு வரைக்கும். வழக்கு என்ன என்று அப்போதுதான் விசாரித்தார். அகவிலைப்படி நிலுவை விஷயம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாராம். காபியை முழுசாகக் குடித்துவிட்டு, சங்கத்தில் கலந்து பேசுகிறோம் என்று சொல்லிப் போனார்.

ஜூன் 17, செவ்வாய்

என் மாணவர்களின் சாட்சிதான் எனக்குப் பலம் என்று முடிவு செய்திருக்கிறேன். தெருவில் பார்க்கிறவன் எல்லாம் காலில் விழாத குறையாக, "நீங்க அடிச்ச அடிதான் சார் என்னை மனுசனாக்கிச்சு" என்று சொல்லாமல் போனதில்லை. அதையே வந்து விசாரணையில் சொன்னால் போயிற்று.

முதலில் பிரியாணிக் கடை காஜா மைதீன். என்னைக் கண்டாலே கல்லாவை விட்டு எழுந்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்களிடம், "எங்க சார்வே. இவுக அடிச்ச அடியிலதான் நான் ரெண்டு கடை வச்சிருக்கேன்" என்று அறிமுகம் செய்கிறவன். இன்றும் செய்தான். நான் அசைவம் சாப்பிடுகிறதில்லை என்று தெரிந்து குஸ்கா வைத்தான். பிரியாணியில் கறியை எடுத்துவிட்டால் குஸ்கா என்பது எனக்கும் தெரியும். ஈறுகெட்ட பிரியாணி என்று வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவன் சால்னாவைக் கிண்டிக்கொண்டே இருந்தான்.

"வாரேன் சார். உங்களுக்கு இல்லாமலா. ஆனா அங்க வந்துட்டா கேக்கதுக்கெல்லாம் சொல்லணும்லா?"

"சொல்லேன். உண்மையைத்தானே சொல்லப் போகிறாய்?"

அவன் இடது கையை நீட்டினான். மோதிர விரல் மடங்காமல் நிமிர்ந்து நின்றது. "இது ஒம்பதாம் கிளாஸ்ல உங்க பிரம்புல ஆனது. மோதிரம் போடத் தோதா இருக்குன்னு வீட்டுல கேலி பண்ணுவாவ. இதைக் கேட்டா என்ன சொல்ல?"

எனக்கு அப்படி ஒன்று நடந்ததாகவே நினைவில்லை. பேச்சை மாற்றுவதற்காகப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்டேன். "கான்வென்ட்ல சார். அங்க அடிக்க மாட்டாவளாம். நல்லா விசாரிச்சுட்டுத்தான் சேர்த்தேன்" என்றான். சொல்லிவிட்டு அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பார்சல் ஒன்று கட்டிக் கொடுத்தான், வீட்டில் அக்காவுக்குக் கொடுங்கள் என்று.

நன்றி கெட்டவன். குஸ்கா நன்றாக இருந்தது.

ஜூன் 19, வியாழன்

சப் இன்ஸ்பெக்டராக இருக்கும் மாணவனுக்குப் போன் செய்தேன். பந்தோபஸ்து டியூட்டியில் இருப்பதாகச் சொன்னான். பின்னால் யாரோ மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தாள், விளம்பர இசையும் வந்தது. எந்தக் கட்சிப் பொதுக்கூட்டத்தில் சீரியல் போடுகிறார்களோ தெரியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

குளிக்கும்போது ஞாபகம் வந்தது. துண்டோடு ஓடி வந்து ஜெபராஜுக்குப் போன் செய்தேன்.

கனியைப் பள்ளியில் சேர்த்த அன்று அவளுடைய அப்பன் சுடலைமுத்து என் முன்னால் கைகட்டி நின்றுகொண்டு, "சார், கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மத்ததையெல்லாம் உரிச்சிருங்க. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்" என்று சொன்னான். எல்லா அப்பன்களும் சொல்வதுதான். ஆனால் சொன்னான் அல்லவா? கண் இரண்டும் நீங்கலாக ஏனைய உறுப்புகள் அனைத்தும் ஆசிரியர் வசம் ஒப்படைக்கப்பட்டன. காது, கண் ஆகாது. எந்த நிகண்டைப் புரட்டினாலும் ஆகாது.

ஜெபராஜ் வீட்டுக்கே வந்துவிட்டான். "இதை நீங்க கோர்ட்டுல சொல்லாம விட்டது நல்ல வேளை சார்" என்றான். பிறகு, பென்ஷன் விசாரணை கோர்ட்டு மாதிரி இல்லை, அதிகாரி மனசு வைத்தால் கொஞ்சம் இளகலாம், முழுசாக நிறுத்தாமல் பாதியாவது மிஞ்சலாம், அந்த அப்பனே வந்து நான்தான் அடிக்கச் சொன்னேன் என்று சொன்னால் ஒருவேளை பலன் இருக்கலாம் என்றான்.

"ஆனா அவரு எதுக்கு சார் வரப் போறாரு?"

"நான் கேட்டால் வருவான். நான் அவன் மகளுக்கு வாத்தியார்."

ஜெபராஜ் இந்த நாட்குறிப்பை எடுத்துப் புரட்டினான். "சார், ஒரு தட்டுன்னு எழுதியிருக்கியளே, டாக்டர் ரிப்போர்ட்டை நானும் படிச்சவன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். சரி, நடந்தது நடந்தபடி. முதல் தட்டுக்கு அவள் முகத்தைத் திருப்பினாள். அதனால் இரண்டாவது காதில் பட்டது. திருப்பியது அவள்.

ஜூன் 23, திங்கள்

சுடலைமுத்து பைபாஸ் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் மடித்துக் கட்டியிருந்த சாரத்தைச் சட்டென்று இறக்கிவிட்டான். இத்தனைக்கும் பிறகு. வாத்தியார் என்றால் அந்த மரியாதை ரத்தத்தில் ஊறியது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு டீ சொன்னான்.

கனி உள்ளே உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். நன்றாக வளர்ந்துவிட்டாள், அடையாளம் தெரியவில்லை. "என்னம்மா, எப்படி இருக்கே?" என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. எனக்குச் சுருக்கென்று ஏறியது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது என்ன பழக்கம்? அன்றைக்கும் இப்படித்தான் நின்றாள். சுடலைமுத்து அவள் தோளைத் தொட்டதும் திரும்பினாள். "அந்தப் பக்கம் நின்னு பேசாதீங்க சார். கேக்காது. இந்தப் பக்கம் வாங்க" என்றாள். போனேன்.

சுடலைமுத்துவிடம் நேரடியாகவே கேட்டேன். அன்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று.

"மறந்தா போவேன் சார்? கண்ணை விட்டுட்டு உரிச்சிருங்கன்னு நான்தான் சொன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன்."

"அதை ஒரு அதிகாரி முன்னால் வந்து சொல்ல வேண்டும்."

"வாரேன். எங்க, என்னைக்குன்னு சொல்லுங்க. கடையைப் பூட்டிட்டு வாரேன்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன். அப்போது கனி, "சார், அன்னைக்கு எங்கிட்ட ஒண்ணு கேட்டிய. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்துக்கு உதாரணம். இப்போ சொல்லட்டா?" என்றாள்.

"சொல்லு."

"கேளாச் செவி."

அசந்துவிட்டேன். கேளாத செவி என்பதில் 'கேளாத' எதிர்மறைப் பெயரெச்சம். அதன் ஈற்றில் இருக்கும் 'த' கெட்டு 'கேளா' என்று நின்று, வல்லினம் மிகுந்து, கேளாச் செவி. அந்த 'ச்'சைக் கூட விழுங்காமல் அழுத்திச் சொன்னாள். பாடநூலில் ஓடாக் குதிரை என்றுதான் இருக்கும். இவள் சொந்தமாக யோசித்திருக்கிறாள். "முழு மதிப்பெண்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சுடலைமுத்து டியூபைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கே குமிழ் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

பஸ்ஸில் வரும்போது மனசு நிறைவாக இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் மறக்கவில்லை பாருங்கள். இதையும் விசாரணையில் சொல்ல வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

செண்பகத்திடம் நேற்று நடந்ததைச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"அது உங்களுக்கு இலக்கணமாத்தான் கேட்டுச்சா?" என்றாள்.

வேறு எப்படிக் கேட்க வேண்டும்? இன்று ரசத்தில் உப்பு இல்லை. கேட்டதற்கு, போட்டுக்கோங்க என்று உப்பு ஜாடியைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 3, வியாழன்

விசாரணைக்குத் தேதி வந்துவிட்டது. வரும் செவ்வாய், திருநெல்வேலியில். அதிகாரி சென்னையிலிருந்து வருகிறார்.

ஜெபராஜ் ஒத்திகை பார்த்தான். அவன்தான் அதிகாரி. "வருத்தப்படுதியளான்னு கேப்பாங்க சார். என்ன சொல்லுவிய?" என்றான். வருத்தப்படுகிறேன், ஆனால் என்று தொடங்கினேன். "ஆனால் வேண்டாம்" என்றான். மறுபடி தொடங்கினேன். மறுபடியும் ஆனால் வந்துவிட்டது. மூன்றாவது தடவை 'எனினும்' போட்டுப் பார்த்தேன். அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் தேய்த்துக்கொண்டான். பெயரெச்சம் சொல்லத் தெரியாத பயலுக்கு இணைப்புச் சொல்லில் இவ்வளவு கறார்.

"மோதிரத்தைக் கழட்டிட்டுப் போங்க" என்றும் சொன்னான். அன்றைக்கும் இந்த மோதிரம்தான் போட்டிருந்தேன். டாக்டர் ரிப்போர்ட்டில் அதைப் பற்றியும் இரண்டு வரி வருகிறதாம். கழற்றப் பார்த்தேன், வரவில்லை. சோப்புப் போட்டுச் செண்பகம்தான் இழுத்தாள். இழுத்துவிட்டு அதை ஏதோ செத்த பூச்சியைப் பிடித்த மாதிரி இரண்டு விரலால் தூக்கி டப்பாவில் போட்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்தது நடந்தபடி.

கிளம்பும்போது செண்பகம், நானும் வாரேன் என்றாள். இவ்வளவு நாள் கோர்ட்டுக்கு ஒரு தடவை கூட வராதவள். பட்டுப்புடவை கட்டவில்லை, சாதாரணப் புடவைதான். சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டாள், திருநீறு பூசிவிட்டாள். எனக்கு நல்ல சகுனமாகத்தான் பட்டது.

அதிகாரி சின்ன வயதுப் பெண். மேசையில் என் பென்ஷன் கோப்பு, பக்கத்தில் தீர்ப்பு. மரியாதையாகத்தான் பேசினார். "விதி தெளிவா இருக்கு சார். இருந்தாலும் நீங்க சொல்றதைக் கேட்காம நான் எதுவும் எழுத மாட்டேன்" என்றார். வருத்தப்படுகிறேன் என்று சொல்லி, பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்திவிட்டேன். ஜெபராஜ் மேசைக்கு அடியில் என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தான்.

பிறகு சுடலைமுத்து எழுந்தான். சலவை வேட்டி, சலவைச் சட்டை. கனி அவனுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஆமாங்கம்மா, நான்தான் சொன்னேன்" என்று தொடங்கினான். "கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மத்ததை உரிச்சிருங்கன்னு சொன்னேன். எங்க அப்பாவும் என்னைப் பள்ளிக்கூடத்துல விடும்போது இதைத்தான் சொன்னாரு. வாத்தியாரைக் கண்டா நம்ம வாயில தானா வாரதும்மா, வீட்டுக்கு வந்தவுகளை சாப்பிடுங்கன்னு சொல்லுதோம்லா, அது மாதிரி. சார் தமிழ் வாத்தியாரு. எந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம்னு அவுகளுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன்."

அதிகாரி எழுதிக்கொண்டே வந்தார். நான் ஜெபராஜைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"நான் கண்ணை மட்டும்தான் சொன்னேன்" என்றான் சுடலைமுத்து. "காதையும் விட்டுருங்க சார்னு சேர்த்துச் சொல்லத் தோணாமப் போச்சு. அது என் தப்பு. அதையும் எழுதிக்கோங்கம்மா. ராத்திரி படுத்தா எனக்கு அதுதான் வருது."

பேனா நின்றுவிட்டது. எனக்குச் சாதகமாகச் சொல்கிறானா, பாதகமாகச் சொல்கிறானா என்று உடனே பிடிபடவில்லை. அவன் குரலில் கோபம் கொஞ்சம் கூட இல்லை. இருந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

அதிகாரி கனியிடம், "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றாள். அந்த 'முழு மதிப்பெண்' விஷயத்தை இவள் வாயாலேயே சொல்லவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. எழுந்து அவள் பக்கத்தில் போனேன். "கனி, அம்மா கேக்காங்கல்ல, சொல்லு" என்றேன். பேசவில்லை. "அன்னைக்குக் கடையில் சொன்னாயே, அதைச் சொல்லு." அசையவே இல்லை. "கேட்டுக்கிட்டே இருக்கேன், வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றேன்.

அப்போது கண்ணாடியைச் சரி செய்வதற்காகக் கையைத் தூக்கினேன்.

அவள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு அப்படியே சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். காலேஜில் படிக்கிற பெண். சுடலைமுத்து இடையில் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். டயர் கழற்றுகிற கை, இரும்பாக இருந்தது. முறுக்கவில்லை, தள்ளவில்லை, மேலே போன இடத்திலேயே பிடித்து நிறுத்தியிருந்தான். அந்த அறையில் இருந்த எல்லோரும், பின்னால் உட்கார்ந்திருந்த செண்பகமும், என் கையையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

கண்ணாடியைச் சரி செய்யத்தான் என்று விளக்கினேன். இரண்டு தடவை விளக்கினேன். அதிகாரி, "உட்காருங்க சார்" என்றார். நான் அவளுடைய இடது பக்கம் நின்றிருந்தேன் என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும், செண்பகம் முன்னால் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஜூலை 9, புதன்

வெயில் அதிகம். வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

செண்பகம் இரண்டு நாளாக வீடு முழுக்க ஒட்டடை அடிக்கிறாள். மிளகாய், மல்லி எல்லாம் வறுத்து அரைத்து டப்பாக்களில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டுகிறாள். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி. எது எது என்று அவளுக்குத் தெரியாதா? 'ரசபொடி' என்று ஒற்று இல்லாமல் எழுதியிருந்தாள். திருத்தப் போய், திருத்தாமல் வந்துவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

ஆணை வந்துவிட்டது. ஓய்வூதியம் முழுமையாக, நிரந்தரமாக நிறுத்தப்படுகிறது. ஒரு பக்கம்தான். ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று மூன்று முறை படித்தேன். ஒன்று கூட இல்லை. யாரோ ஒழுங்காகத் தமிழ் படித்தவர் எழுதியிருக்கிறார்.

ஜெபராஜ் மேலே போகலாம் என்கிறான். அவன் குரலில் உற்சாகம் இல்லை. "போலாம் சார், போலாம்" என்று காய்ச்சல்காரனிடம் பேசுகிற மாதிரி பேசினான்.

ஜூலை 27, ஞாயிறு

செண்பகம் பரணிலிருந்து சூட்கேசை இறக்கினாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன், விழுந்துவிடுவாளே என்று.

பேசித்தான் ஆக வேண்டும் என்று, டியூஷன் எடுக்கிறேன் என்றேன். போட்டித் தேர்வுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தால் நல்ல வருமானம், ஒன்றும் கெட்டுப்போகவில்லை, பென்ஷன் இல்லாமல் எத்தனை பேர் வாழவில்லை என்றேன். அவள் புடவைகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"பென்ஷனுக்காகத்தான் இத்தனை நாள் உங்ககூட இருந்தேன்னு நெனச்சியளா?"

"பின்னே?"

"பென்ஷன் போனா கஞ்சியைக் குடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன். குமரேசன்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். வர மாட்டேம்லேன்னு சொல்லிட்டேன். அப்பாவுக்கு வயசாயிட்டு, இனிமே அதெல்லாம் இருக்காதுன்னு சொன்னேன்." ஒரு புடவையை உதறி மறுபடி மடித்தாள். "உங்களுக்குத்தான் வயசாயிருக்கு. கைக்கு ஆகல."

"செண்பகம், நான் அன்றைக்குக் கண்ணாடியைச் சரி செய்யத்தான் தூக்கினேன்."

"கண்ணாடி உங்க சட்டைப் பைக்குள்ளதான இருந்துச்சு. நான்தான வச்சுவிட்டேன்."

அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. துவைத்த துணியை எண்ணி வைக்கிற முகம். சூட்கேஸ் மூடவில்லை என்று அமுக்கினாள். நான் வந்து ஒரு பக்கம் அமுக்கினேன். மூடியது.

ஜூலை 30, புதன்

ஸ்டேஷனுக்குப் போனேன். வர வேண்டாம் என்றாள், போனேன். தண்ணீர் பாட்டில், முறுக்குப் பாக்கெட், இரண்டு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்திருந்தது. சிலிண்டரைத் தினமும் மூடிவிட்டுப் படுக்கச் சொன்னாள். பால்காரனுக்குச் சொல்லிவிட்டதாகவும், இட்லி மாவு இரண்டு நாளைக்கு வரும் என்றும் சொன்னாள். பிரஷர் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று மறுபடி சொன்னாள். எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. அவள் சொல்லிக்கொண்டே இருக்கட்டும் என்று நின்றேன்.

எப்போது வருவாய் என்று கேட்கத்தான் போனேன். கேட்க வெட்கமாக இருந்தது. "பார்த்துப் போ" என்றேன். தலையை ஆட்டினாள்.

ரயில் நகர்ந்தது. கூடவே கொஞ்ச தூரம் நடந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையைத் தூக்கினேன்.

சட்டென்று கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். நடுவில் கம்பி இருக்கிறது, ரயில் ஓடுகிறது. ஆனாலும் இழுத்துக்கொண்டாள். உள்ளே பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்குள் பெட்டி போய்விட்டது.

டாட்டா காட்டத்தான் தூக்கினேன். இந்தத் தடவை அது உண்மை.